மாடலின் ஈரல்

எங்கள் ஸ்கேன் சென்டரில் அவருக்கு 'மாடல்' என்று பெயர் வைத்தது நான்தான். ஆள் அப்படியொன்றும் அழகில்லை; முதலில் தொப்பை உள்ளே வரும், பிறகு அவர் வருவார். நோயாளிகளைக் கூப்பிடுவது, விரிப்பு மாற்றுவது, வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைக்கக் காகிதம் கொடுப்பது அவர் வேலை. ஆனால் தினமும் காலையில் முதலில் படுப்பவரும் அவர்தான். டாக்டரம்மா கருவியை அவர் விலாவில் வைத்து, திரையில் ஈரல் நல்ல சாம்பல் நிறமாகத் தெரியும்வரை மெஷினின் வெளிச்சத்தைத் திருகுவார். அதே அளவில்தான் அன்றைக்கு வருகிற எல்லோரையும் பார்ப்பார்.

"என் ஈரலைப் பாத்துட்டுதான் ஊரு ஈரலைப் பாக்குறாங்க" என்று கவுண்டரில் பில் போடும் என்னிடம் பெருமையடிப்பார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. குடி, புகை எதுவும் கிடையாது மனிதருக்கு. கலர் சோடாவும் கிரீம் பன்னும்தான் ஓயாமல் உள்ளே போகும். "ஒருநாள் வெடிக்கப் போறீங்க" என்பேன். சிரிப்பார்.

அவர் தம்பி நேரெதிர். குடித்துக் குடித்தே ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, கண்ணெல்லாம் மஞ்சள். வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பான் என்று பெரிய மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்கள். மாடல் யோசிக்கவே இல்லை. "என்கிட்டதான் இருக்கே. பாதி வெட்டிக் கொடுத்தாலும் திரும்ப வளந்துடுமாம்" என்றார். அவர் மனைவி அழுது பார்த்தாள். மசியவில்லை.

புது மெஷின் வந்த அன்று தம்பியையும் கூட்டி வந்துவிட்டார். "உனக்கு வரப்போற சாமானைப் பாத்துக்கோடா" என்று சொல்லிவிட்டுச் சட்டையை ஏற்றிப் படுத்தார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். மெஷினைப் பொருத்த வந்தவர், எதையும் திருகாமல் முதலில் ஒருமுறை பார்க்கச் சொன்னார்.

ஈரல் வெள்ளை வெளேரென்று வந்தது. பக்கத்தில் கிட்னி கறுப்பாகக் கிடந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்று பில் போடும் எனக்கே தெரியும். காலை அவசரத்தில் கிட்னிவரை யார் போனார்கள்? ஈரலின் விளிம்போ வழவழப்பாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருந்தது.

ஈரல் மாற்றுப் பேச்சு அரைகுறையாகக் காதில் விழுந்திருந்த மெஷின்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "ஈரல் மாத்தணும்னு சொன்னது இவருக்குத்தானா?"

டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. மாடலின் ஈரல் வெளுக்க வெளுக்க, பழைய மெஷினைத்தான் தினமும் மங்கலாக்கிக்கொண்டே வந்திருக்கிறார். அடப்பாவிகளா, தேய்ந்த படிக்கல்லை வைத்து ஊருக்கே நிறுத்துக் கொடுத்திருக்கிறோம்.

"நான் ஒரு சொட்டு தொட்டதில்லையேம்மா" என்றார் மாடல்.

"குடிக்காதவங்களுக்கும் கொழுப்பு படிஞ்சு படிஞ்சு இப்படி ஆகும்ங்க" என்றார் டாக்டரம்மா. "இன்னும் டெஸ்ட் எடுத்துப் பாக்கணும். உங்களுக்கு உடனே வைத்தியம் ஆரம்பிக்கணும்."

மாடல் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அப்போ என் தம்பிக்கு?"

தம்பி மெல்ல எழுந்து காகிதத்தைக் கிழித்தான். அண்ணன் வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்தான். "எந்திரிண்ணா, வீட்டுக்குப் போலாம்" என்றான். மாடல் எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.