மாமனுக்காகக் காத்திருந்த சோறு

“புள்ள பெத்துப் பாலு குடுக்காதவ, புள்ள வளக்கப் பாடம் எடுக்க வந்துட்டா.”

அக்காவின் நாத்தனார் இப்படிச் சொன்னது, நான் ஊட்டச்சத்துப் படிப்பை முடித்திருந்த கோடையில். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாமியார் இல்லாத அந்த வீட்டில் நாத்தனார் வைத்ததுதான் சட்டம். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை அதிகம். அதனால் அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது.

அக்காவின் இரண்டாவது குழந்தைக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவாள். அழுகைகூட மெல்லியதாகத்தான் வரும். மூத்தவன் பிறந்த கையோடு இவளும் வந்துவிட்டதால் அக்கா ரத்தசோகையில் வெளுத்துக் கிடந்தாள். முந்திரி உடைக்கும் வேலைக்குப் போய்க் களைத்துத் திரும்பி அவள் கொடுக்கும் பால்தான் குழந்தைக்கு எல்லாம். ஆறு மாதம் முடிந்ததுமே சோறு ஊட்டியிருக்க வேண்டும். வீட்டில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தில் முதல் சோறு தாய்மாமன் மடியில்தான். எங்கள் அண்ணனோ சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். அவருக்கு லீவு தள்ளிக்கொண்டே போனது.

மதினியிடம் எவ்வளவு பேசியும் பயனில்லை என்று ஆனபின், தடுப்பூசி போடும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸ் குழந்தையின் மேல்கையில், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்த ஒரு டேப்பைச் சுற்றினார். அளவு மஞ்சளில் நின்றது.

“இதுக்கு அடுத்தது சிவப்பு. அங்கிட்டுப் போயிருச்சுன்னா பெரியாஸ்பத்திரியிலதான் சேக்கணும்” என்றார்.

மதினிக்கு எழுத்து தெரியாது. நிறம் தெரியும். திரும்பும் பஸ்ஸில் குழந்தையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டு சொன்னார்.

“எம் மகனுக்கு மாமன் வாரதுக்கு முன்னாடியே ஊட்டிட்டோம். மறுநாளே வாந்தி பேதி. பொழச்சதே பெருசு. அந்தப் பயம்தான் எனக்கு.”

அதுவரை அவரை வீம்புக்காரர் என்று நினைத்திருந்தேன். “மாமன் வராததால வந்ததில்ல மதினி. தண்ணி, பாத்திரம், கை இதுல ஏதோ சுத்தமில்லாம இருந்திருக்கும். தண்ணியக் கொதிக்க வச்சு நான் செய்றேன். நீங்க கூடவே நின்னு பாருங்க.”

அன்று மாலை மதினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். தலையில் ஹெல்மெட்டோடு வந்தார். “நான் வர தீபாவளி ஆயிரும் மதினி. அதுவரைக்கும் புள்ளயப் பட்டினி போடாதீங்க. எனக்குப் பதிலாத் தங்கச்சிய உக்கார வைங்க.”

“பொட்டச்சி எப்புடிப்பா மாமனாவா?” என்று மதினி கேட்டு முடிப்பதற்குள் சிக்னல் போய், திரையில் அண்ணன் உறைந்துபோனார்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்த மதினி, ஒரு புதுத் துண்டை எடுத்து என் தோளில் போட்டார்.

“இன்னைக்கு நீதான் தாய்மாமன். மாமன்னா சீரு செய்யணும்ல? என்ன கொண்டாந்த?”

“பருப்புச் சோறுதான் மதினி.”

“நல்ல மாமன் வாச்சான் எங்களுக்கு.”

அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். நெய் விட்டுக் குழைத்த சோற்றை நாக்கில் வைத்தேன். துப்பினாள். இரண்டாவது வாயையும் துப்பினாள். மதினியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வாயை நாக்கால் புரட்டி விழுங்கிவிட்டு, மறுபடி வாயைத் திறந்தாள்.

நான் ஊட்டியது அந்த ஒரு வேளைதான். அக்கா வேலைக்குப் போன பகல்களில் எல்லாம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முட்டையும் கீரையும் மசித்துப் பொறுமையாக ஊட்டியவர் மதினி. மழைக்காலம் வருவதற்குள் டேப்பில் பச்சை வந்துவிட்டது. அவள் தவழ்ந்து போய் அடுப்படியில் கை வைப்பாள் என்று இப்போது அது ஒரு கவலை.

நான் படித்ததைத்தான் சொன்னேன். தன் பிள்ளையைப் பறிகொடுக்க இருந்த ஒருவர், அந்தப் பயத்தோடே என் பேச்சை நம்பினாரே, அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்று இருக்கிறது. அதன் மாமன் துபாயில். போன ஞாயிற்றுக்கிழமை மதினியும் நானும் அவனுக்குப் போன் போட்டு, அடுத்த மாதம் அவனுக்குப் பதிலாக யார் மடியில் வைத்து ஊட்டுவது என்று பேசி முடித்துவிட்டோம்.