நூலகத்துக்கு வந்த கப்பல்காரர்

இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில், மலேசியாவில் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நூலகத்தில் நடந்தது இது. அங்கே எனக்கு ஜாகா வேலை, அதாவது காவல்காரன். காலையில் கதவைத் திறப்பது, வருகிறவர்களின் ஈரக் குடையை வாளியில் போடச் சொல்வது, சாயங்காலம் விளக்கை அணைத்துப் பூட்டுவது. சுற்றிலும் புத்தகங்கள்தான். ஆனால் நான் ஒன்றைக்கூட இரவல் வாங்கியதில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. தமிழ்ப் பத்திரிகை வாசிப்பேன். மலாய் பேசுவேன், வாசிக்க நேரமாகும். ஆங்கிலம் கடைப் பலகை அளவுக்குத்தான்.

போதாததற்குக் கூச்ச சுபாவம். நூலகர் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிட வயதில் மிகவும் இளையவர். "மோர்னிங் மிஸ்", "பூட்டிரலாமா மிஸ்" இந்த இரண்டையும் தவிர அவரிடம் நான் பேசியது குறைவு.

அன்று காலை துறைமுகத்துக் கப்பல் ஏஜென்ட் ஒருவர், கையில் பெரிய கட்டுப் போட்டிருந்த ஒரு வெளிநாட்டுக்காரரை அழைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். தென் அமெரிக்காவில் ஏதோ ஒரு நாடு. பக்கத்துக் கடை வரிசையில் இருக்கும் ஹோட்டலில் தங்கவைத்திருந்தார்களாம்.

"மிஸ், இவருக்கு ஸ்பானிஷ் மட்டுந்தான் தெரியும்" என்றார் ஏஜென்ட். "கப்பல்ல கயிறு அறுந்து கையில அடிச்சிருச்சு. இவர எறக்கி விட்டுட்டுக் கப்பல் போயிருச்சு. இப்ப உள்ளங்கையில சீழ் வச்சிருக்கு. நாளைக்குக் காலைல ஆபரேஷன். ஆனா ஒத்துக்க மாட்டேங்குறாரு. நேத்து டாக்டர் போன்ல இருக்குற மொழிபெயர்ப்பு ஆப்புல பேசி, அத ஸ்பானிஷ்ல மாத்திக் கேக்க வச்சாரு. அது என்னா சொல்லுச்சோ தெரியல லா, எந்திரிச்சு வெளிய போயிட்டாரு."

மொழி தெரிந்த ஆள் கோலாலம்பூரிலிருந்து வர இன்னும் சில நாள் ஆகுமாம். அதுவரை கை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நாளையும் இவர் மறுத்தால் கப்பல் கம்பெனி இவரை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடும். அவ்வளவு தூரம் அந்தக் கையோடு போனால், கை மிஞ்சுமா என்பதே சந்தேகம்.

"லைப்ரரின்னா ஏதாச்சும் இருக்கும்னு கூட்டியாந்தேன். சாயங்காலம் வரேன்" என்று சொல்லிவிட்டு ஏஜென்ட் போய்விட்டார்.

எங்கள் நூலகத்தில் ஸ்பானிஷ் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. மிஸ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தேட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அதிகம் வரும் நூலகங்களுக்கென்றே வேறொரு நாட்டு நூலகர்கள் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். அவர்களை எப்படி வரவேற்பது, எந்தப் பலகை மாட்டுவது, உடம்புக்கு முடியாவிட்டால் எந்த இடத்தில் நம்பிக்கையான தகவல் கிடைக்கும் என்று எல்லாம் அதில் இருந்ததாம். 'நல்வரவு' என்பதற்கு ஸ்பானிஷ் சொல்லை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். கப்பல்காரர் அதைத் தூரத்திலிருந்தே பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்தப் பக்கத்தின் வழியாகவே மிஸ் கை ஆபரேஷனைப் பற்றி ஸ்பானிஷில் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, நான்கைந்து தாள்கள் அச்செடுத்துக் கொடுத்தார். கப்பல்காரர் இடது கையால் வாங்கினார். மேலே பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் முன்பக்கம். பிறகு "கிராசியாஸ்" என்று நன்றி சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மழையைப் பார்க்கத் தொடங்கினார்.

மிஸ்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது என்று நினைத்தேன். பேங்கில், ஆஸ்பத்திரியில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் யாராவது தாளை நீட்டினால் நான் செய்வதும் அச்சு அசலாக அதுதான். மேலே ஒரு பார்வை, பின்னால் ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, பிறகு பை. வீட்டுக்குப் போய் மகளிடம் கொடுப்பேன். இந்த மனிதருக்கு இங்கே மகள் இல்லை.

சொல்லலாமா வேண்டாமா என்று கதவுக்கும் மேசைக்கும் நடந்தேன். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார். அதற்கு என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளைக்கூட இத்தனை காலம் தலையாட்டித்தான் வாங்கியிருக்கிறேன். ஆனால் மேசைமேல் வைத்திருந்த அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபோது, சும்மா இருக்க முடியவில்லை.

"மிஸ், ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்கண்ணே."

"அவருக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

"அவங்க பாஷைதானே அண்ணே?"

"பாஷை இருந்தா மட்டும் பத்துமா மிஸ்? நான் ஆறாவதோட நின்னவன். நீங்க குடுக்குற பேப்பரையெல்லாம் நானும் இப்படித்தான் மடிச்சு வச்சுக்குவேன். பாதி புரியாது."

மிஸ் என்னைப் பார்த்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் தேடினார். அதே விஷயத்தை ஒரு பெண் ஸ்பானிஷில் பேசி விளக்கும் காணொளி இருந்தது. நூலகத்தில் சத்தம் கூடாதே, அதனால் டேப் சுற்றிய பழைய ஹெட்போனை எடுத்துக் கப்பல்காரர் காதில் மாட்டினார்.

கேட்கத் தொடங்கியதும் அவருடைய தோள் இறங்குவது தெரிந்தது. கரை இறங்கிய நாளிலிருந்து அவர் மொழியில் நிதானமாக யார் அவரிடம் பேசியிருப்பார்கள்? தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நடுவில் திரையில் ஒரு படம் வந்தது, கீழே எழுத்துகளோடு. அவர் குனிந்து பார்த்தார். பின்னால் சாய்ந்து பார்த்தார். கண்ணை இடுக்கினார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பி, என் சட்டைப் பையில் இருந்த கண்ணாடியைக் காட்டினார். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய, கிட்டத்தில் வைத்து வாசிப்பதற்கான சாதாரணக் கண்ணாடி.

எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாள்களை உருவி மேசையில் விரித்தார். பிறகு பாருங்கள், விரலை ஓட்டிக்கொண்டு கடகடவென்று வாசித்தார். உதடுகூட அசையவில்லை. நான் தமிழைக்கூட அந்த வேகத்தில் வாசித்ததில்லை.

அவருடைய கண்ணாடி கப்பலிலேயே போய்விட்டது. தன் கண்ணைத் தொட்டு, கையைக் கப்பல்போல் நீட்டி, தூரமாய்ப் போவதாகக் காட்டினார். அதனால்தான் போனில் அவர் எதையும் எழுதிக் கேட்கவும் முடியவில்லை.

இப்போது மிஸ்ஸின் கம்ப்யூட்டரில் இடது கை ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். திரை அதை மாற்றிக் காட்டியது. மிஸ் மெதுவாகத் தமிழில் எனக்குச் சொன்னார்: "கை எனக்கு மிஞ்சுமா, இல்ல வெட்டிருவாங்களான்னு கேக்குறாரு."

மிஸ் உடனே ஏஜென்டுக்குப் போன் போட்டு, அவர் மூலமாக டாக்டரையே பிடித்தார். கையை எடுக்கப் போவதில்லை, உள்ளங்கையைத் திறந்து சீழை எடுத்துச் சுத்தம் செய்வார்கள், அவ்வளவுதான் என்றார் டாக்டர். மிஸ் அதைத் தட்டிக் காட்டினார். கப்பல்காரர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்துவிட்டு, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். சாயங்காலம் ஏஜென்ட் வந்தபோது, அவர் கேட்பதற்கு முன்பே கப்பல்காரர் "ஓக்கே, ஓக்கே" என்று என் கண்ணாடியோடேயே எழுந்து நின்றார்.

அவர்கள் போனதும் எனக்கு நிற்க இடம் தெரியவில்லை. நன்றாக வாசிக்கத் தெரிந்தவரைத் தெரியாதவர் என்று சொல்லிவிட்டேன், என்னையும் காட்டிக்கொடுத்துவிட்டேன். மிஸ் கம்ப்யூட்டரை மூடப்போனவர், திரும்பிச் சிரித்தார்.

"அந்தப் பக்கத்துல மொத வரியே என்னா தெரியுமா அண்ணே? வர்றவங்ககிட்ட என்ன வேணும்னு கேளுங்கன்னு போட்டிருக்கு. நாம ரெண்டு பேரும் கேக்கவே இல்ல." பிறகு சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார்: "ஆனா நீங்க சொல்லலன்னா நான் அந்தக் குரலத் தேடியே இருக்க மாட்டேன்."

மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. மிஸ் அதை என் கையில் கொடுக்கவில்லை. "உக்காருங்கண்ணே, சேர்ந்து பார்ப்போம்" என்றார். அந்த வாரமே என் பெயரில் ஒரு நூலக அட்டையும் போட்டுக் கொடுத்தார்.

ஊருக்குப் புறப்படும் முன் கப்பல்காரர் ஒரு தடவை வந்தார். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டினார். ஐந்தும் இருந்தன. பிறகு என் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். நான் அதைத் திருப்பி அவர் மூக்கின்மேலேயே வைத்துவிட்டேன். வழியில் அவருக்கு வாசிக்க எவ்வளவோ இருக்கும்.

இப்போதும் நூலகத்தில் யாராவது ஒரு தாளை வாங்கி, பார்த்து, பேசாமல் மடித்துப் பையில் வைத்தால், காரணம் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொள்வதில்லை. கூச்சமாக இருந்தாலும் பக்கத்தில் போய், என்ன வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன்.