காபியை விட்டேன், நெஞ்சு படபடத்தது

தைராய்டு மாத்திரையை விடியற்காலை ஃபில்டர் காபியோடுதான் விழுங்குவேன். வெறும் வயிற்றில் தண்ணீர் எனக்குக் குமட்டும். ரத்தப் பரிசோதனையில் ஒவ்வொரு முறையும் தைராய்டு குறைவாகவே தெரிய, டாக்டரும் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்.

போன மார்கழியில், மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று கற்பகாம்பாளிடம் வேண்டிக்கொண்டு காபியை விட்டேன். மாத்திரைக்கு வெந்நீர். தை பிறந்ததும் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. மாட வீதியில் காய் வாங்கப் போனவள் நிற்க முடியாமல் கோயில் மதிலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

"புதுசா ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்றார் டாக்டர்.

"புதுசா ஒண்ணுமில்லை டாக்டர். இவ ஒரு மாசமா காபியை விட்டிருக்கா, அவ்வளவுதான்" என்றார் என் கணவர்.

டாக்டர் நிமிர்ந்தார். "மாத்திரையைக் காபியோடவா போட்டீங்க? அதான் அது உடம்புல சரியா சேரலை. தெரியாம நான் அளவை ஏத்திட்டேன். இப்போ அத்தனையும் சேருது!"

அளவைக் குறைத்தார், படபடப்பும் அடங்கியது. அந்தக் கேள்வியைக் கேட்ட டாக்டருக்கும், வாய் திறந்த கணவருக்கும் நன்றி.

இப்போதெல்லாம் குமட்டினாலும் தண்ணீரோடுதான் மாத்திரை. ஒரு மணி நேரம் போனபிறகே காபி. வரன் இன்னும் தகையவில்லை. அம்பாள் முதலில் என்னைக் கவனித்திருக்கிறாள்.