ஜெனோபியா தைத்த உடைகள்

ஆண்டின் மற்ற நாட்களிலெல்லாம் எர்லீன் ஒரு ஹோட்டலின் நிலவறையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று மட்டும் அவள் குடியிருக்கும் ட்ரெமே பேட்டை முழுவதும் அவளுக்காகத் தெருவில் இறங்கி நிற்கும். அவளும் அவளுடைய சிநேகிதி ஜெனோபியாவும் சேர்ந்து ஆரம்பித்த மகளிர் சங்கத்தின் ஊர்வலம் அன்றைக்குத்தான். பதினோரு பெண்கள், ஒரே நிறத்தில் உடை, பின்னால் பித்தளை வாத்தியக் கோஷ்டி. நாலு மணி நேரம் கைக்குட்டையை வீசி ஆடிக்கொண்டே நடப்பார்கள். எர்லீன் ஆட்டத்தில் கெட்டிக்காரி, ஜெனோபியா தையலில். நிறத்தை எர்லீன் சொல்வாள், துணியை ஜெனோபியா வெட்டுவாள். இருபத்தோரு வருஷம் அப்படித்தான் நடந்தது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஆகஸ்டில் ஊர்வலத்தில் போடும் செருப்புக்காகச் சண்டை வந்தது. எர்லீன் குதிகால் உயர்ந்ததுதான் வேண்டும் என்றாள்.

"எனக்கு முட்டி போயிடுச்சுடி. இதைப் போட்டுக்கிட்டு நாலு மணி நேரம் எப்படி நடக்கிறது?"

"நடக்க முடியலைன்னா வீட்டுல உக்காரு. பொண்ணுங்க எத்தனையோ பேர் வரிசையில நிக்கிறாங்க."

சங்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் முன்னால்தான் எர்லீன் அப்படிச் சொன்னாள். ஜெனோபியா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவி மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். போய்ச் சமாதானம் பண்ணலாம் என்று எர்லீன் தினமும் நினைத்தாள். அவளே வரட்டும் என்று தினமும் இருந்துவிட்டாள்.

சண்டை நடந்த மூன்றாவது வாரம் புயல் வந்தது. கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்தது. ஜெனோபியாவைப் படகில் மீட்டு, பஸ்ஸில் ஏற்றி, ஹூஸ்டனுக்குக் கொண்டுபோனார்கள். எர்லீன் பேடன் ரூஜ் என்ற ஊரில் அக்கா வீட்டில் ஒரு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பினாள். ஜெனோபியாவால் திரும்ப முடியவில்லை. அவள் குடியிருந்த வாடகை வீட்டைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அதைப் புதுப்பித்துச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள்.

ஊர்வலம் மறுபடி தொடங்கிய வருஷம், கோடைக்காலத்தில், போன் வந்தது.

"ஏய், இந்த வருஷம் என்ன நிறம்?"

கிட்டத்தட்ட இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்கும் குரல். எர்லீன் "ஊதா" என்றாள்.

"ஊதாவா? உன் மூஞ்சிக்கு? கத்தரிக்காய்க்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கும்டி!"

இருவரும் சிரித்தார்கள். செருப்புப் பேச்சை எர்லீனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அதன்பின் வருஷம் தவறாமல் அந்த ஒரு போன் வரும். நிறத்தைக் கேட்பாள், கேலி செய்வாள், "இந்தத் தடவை வந்துடறேன்" என்பாள். வரமாட்டாள். முட்டி என்பாள், மகளுக்கு லீவு இல்லை என்பாள். ஒன்பது வருஷம் இப்படியே போயிற்று.

பத்தாவது வருஷம் போன் வரவில்லை. செப்டம்பரில் எர்லீனே கூப்பிட்டாள். மகள் ரொவீனா எடுத்தாள்.

"அம்மா போயி பதினாறு நாள் ஆச்சு, மிஸ் எர்லீன். உங்க நம்பர் அம்மா போன்ல எந்தப் பேர்ல இருந்துச்சுன்னே தெரியல, அதான் சொல்ல முடியல."

"வாத்தியம் வச்சீங்களாம்மா?"

"இங்க வாத்தியத்துக்கு யாரு இருக்கா? பாதிரியார் வந்தாரு. மொத்தம் ஏழு பேரு."

ட்ரெமேயில் குடிகாரனுக்குக்கூட ஒரு டிரம்பெட்டாவது ஊதி அனுப்புவார்கள். எர்லீன் அன்றே பஸ் ஏறினாள்.

ஹூஸ்டனில் அது நெடுஞ்சாலை ஓரத்து அடுக்குமாடி வீடு. ரொவீனா அம்மாவின் அலமாரியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உள்ளே ஊதா, பீச் பழ நிறம், மயில் பச்சை, எலுமிச்சை மஞ்சள் என்று வரிசையாகத் தொங்கின. போனில் சொன்ன ஒன்பது நிறமும் அங்கே இருந்தன. எல்லாம் ஊர்வல உடைகள். கை மடிப்பில் மணி கோத்து, உள்ளே பட்டுத் துணி கொடுத்துத் தைத்தவை.

"இதையெல்லாம் எங்க போட்டுக்கிட்டா?"

"அந்த ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டுக்குவாங்க. பாட்டு வச்சுக்கிட்டு வெளி நடையில இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஆடிக்கிட்டே போவாங்க. கீழ் வீட்டுக்காரங்க சத்தம் போடுவாங்க. எனக்கு அவமானமா இருக்கும். கதவைச் சாத்திக்குவேன்."

"ஊருக்கு ஏன் வரலை?"

"ஒரு தடவை கூட்டிட்டு வர்றேன்னு டிக்கெட்கூட எடுத்தேன். 'நடக்க முடியாதவ வீட்டுலதான் உக்காரணும்'னு சொல்லிட்டாங்க. யாரு அப்படிச் சொன்னாங்கன்னு கேட்டேன். சொல்லவே இல்லை."

எர்லீன் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எதை உடுத்திப் புதைச்சீங்க?" என்று கேட்டாள்.

"சர்ச்சுக்குப் போற கறுப்பு கவுன். எனக்குத் தெரியாதே, மிஸ் எர்லீன்."

மறுநாள் கல்லறைக்குப் போனார்கள். வெட்டிவிட்ட புல், நடுவில் எண் எழுதிய ஒரு தகடு. அங்கே ஆடிவிட்டு வருவதென்று வழியெல்லாம் நினைத்திருந்தாள் எர்லீன். கைக்குட்டையைக்கூட உயர்த்தினாள். கால் எழவில்லை. "நான்தான்டி சொன்னேன், நான்தான் சொன்னேன்" என்று புல்லில் உட்கார்ந்துவிட்டாள். ரொவீனாதான் தூக்கி நிறுத்தி அழைத்துவந்தாள்.

அந்த நவம்பரில் எர்லீன் ஊர்வலத்தில் ஆடவில்லை. அடுத்த வருஷமும் ஆடவில்லை. ஆனால் புயலுக்குப் பின் வெளியூர்களில் தங்கிவிட்ட ட்ரெமேக்காரர் யாராவது இறந்தால், சேதி அவளுக்குத்தான் முதலில் வரும்படி செய்துகொண்டாள். வாத்தியக் கோஷ்டித் தலைவர் கொர்னேலியஸைப் பிடித்து இழுப்பாள். வாத்தியக்காரர் மூன்று பேரையாவது வேனில் ஏற்றிக்கொண்டு டல்லாஸ், மெம்ஃபிஸ் என்று கிளம்பிவிடுவாள். வாத்தியம் முழங்கும்போது அங்கே அந்நியர்கள்கூட ஆடத் தொடங்குவார்கள். அவள் மட்டும் வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள்.

"நீ ஆட மாட்டியா எர்லீன்?" என்று கொர்னேலியஸ் ஒருமுறை கேட்டார்.

"முட்டி வலி" என்றாள்.