கிணற்றில் நீச்சல் பழகிய கப்பல்காரர்

அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார்கள். அழுகை வந்தால் நிறுத்திவிட்டுப் பொறவு எழுது என்றார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன், அழுகை வரவில்லை. ஓராண்டாகவே வரவில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம்.

அண்ணன் இராஜபாளையத்தில் பிறந்தார். எங்கள் ஐயா நூல் மில்லில் வேலை பார்த்து, எங்கள் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். என்னை மகாராஜபுரத்தில் தாய்மாமன் வீட்டில் விட்டார்கள். அண்ணன் அம்மாவோடு இருந்து, ஐ.டி.ஐ. படித்து, அதே மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தார். என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்ததும் அவர் சம்பாத்தியத்தில்தான். எண்பதுகளில் ஒரு நண்பர் சொல்லி பம்பாய் போய், சரக்குக் கப்பலில் ஆயில்மேனாக ஏறினார். எஞ்சினுக்கு எண்ணெய் விட்டு, சூடு பார்த்து, சத்தம் கேட்டு நிற்கிற வேலை.

நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீசிலோ இருப்பார்கள். அதனால் கப்பல் என்றாலும் பட்டாளம் என்றே எடுத்துக்கொண்டார்கள். லீவில் வந்தால், "எந்த பார்டர்லப்பா இருக்க?" என்று கேட்பார்கள். "கடல் பார்டர்ல" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்விடுவார். நீச்சல் தெரியுமா என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கப்பல்காரனுக்கு நீச்சல் தெரியாமலா இருக்கும்? தெரியாது. அத்தனை வருடம் கடலில் கிடந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவர் என் அண்ணன்.

தொண்ணூறுகளில் ஒரு லீவுக்கு வந்தபோது முகமே சரியில்லை. என்னவென்று கேட்டேன்.

"கப்பல் வேலை முன்ன மாதிரி இல்ல தாயி. எல்லாம் பட்டனு, அலாரம்னு வருது, எஞ்சின் ரூம்ல ஆளைக் குறைக்கான். இனி கரண்டு வேலையும் தெரியணும், இங்கிலீசும் பேசணும். அம்புட்டையும் படிச்சிருவேன். ஆனா தீயணைக்கவும், கடல்ல விழுந்தா உயிர் பிழைக்கவும் பயிற்சி முடிச்ச சர்ட்டிபிகேட் இல்லாம இனிக் கப்பல்ல ஏத்த மாட்டானாம். மெட்ராஸ்ல கோர்ஸ். உசரத்துல இருந்து தண்ணிக்குள்ள குதிக்கணுமாம்."

மில் வேலையை எப்போதோ விட்டாயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். குதிக்காவிட்டால் அடுப்பு எரியாது. "நான் சொல்லித் தாரேன், வாங்கண்ணே" என்றேன். மாமா தோட்டத்துக் கிணற்றில் விழுந்து எழுந்து வளர்ந்தவள் நான்.

பிளவக்கல் அணை திறந்து கிணறு நிறைந்து கிடந்த சமயம். அத்தனை பெரிய ஆள் முதுகில் காலி மண்ணெண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு படியில் நின்றால் சிரிப்பு வராதா? மாமா மோட்டார் ரூம் வாசலில் நின்று, "ஏலே மருமகனே, கப்பல்லயும் கேனைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கியா?" என்று கத்தினார். அண்ணன் படியை விட்ட பாடில்லை. "ஏட்டி, பிடிச்சுக்கிடுவல்ல?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். "கையை விடுங்கண்ணே, கடல் சிரிக்கப் போகுது" என்று அதட்டினேன். குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. லீவு முடிவதற்குள் கேனை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மேட்டிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார். மேலே வந்து, "செத்துட்டேன்னு நெனச்சேன்டி" என்று சிரித்தார்.

மெட்ராஸிலிருந்து எஸ்.டி.டி. போட்டுப் பேசினார். "குதிச்சுட்டேன் தாயி! ஆனா அங்க என்னமோ நீந்தாதங்கான். நீந்துனா களைச்சுப் போவியாம். கையையும் காலையும் மடக்கி வச்சு, மிதந்துக்கிட்டே காத்திருக்கணுமாம். ஆள் வருமாம்." அந்தச் சர்ட்டிபிகேட்டோடு மறுபடி கப்பல் ஏறினார். அடுத்த லீவில் கரண்டு வேலைக்கும் கோர்ஸ் படித்தார். புதுக் கப்பல்களிலும் அவரைக் கூப்பிட்டார்கள்.

போன வருடம் புயலில் சரக்கு சரிந்து கப்பல் சாய்ந்தது. கம்பெனியிலிருந்து வந்தவர் சொன்னது அவ்வளவுதான். மீதியைச் சொன்னது, உயிர் தப்பி வந்த தூத்துக்குடித் தம்பி. "படகுல ஏறப் பயந்து நின்னேன்க்கா. 'எனக்கு நீச்சல் தெரியும்லே, நீ ஏறு'ன்னு அண்ணாச்சி என்னையத் தள்ளிவிட்டாவ. அடுத்த அலைக்கு அவியளக் காணல." சொல்லிவிட்டு அந்தத் தம்பி தேம்பித் தேம்பி அழுதது. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

உடம்பு கிடைக்கவில்லை. படத்தை வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் விடவில்லை. அண்ணனுக்கு நீச்சல் தெரியும், மிதந்துகொண்டிருப்பார், ஆள் வரும் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவருக்கு நீச்சல் தெரியாமல் இருந்திருந்தால் முதல் நாளே அழுது முடித்திருப்பேன். அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆண்டாள் சந்நிதிக்குப் போய் நின்றார்கள். மதினி தினமும் நெற்றிக்குப் பொட்டு வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடமாடினார்கள்.

இப்போது காரியத்தையும் வருஷத் திதியையும் சேர்த்தே செய்கிறோம். கம்பெனிக்கும் வீட்டுக்கும் அலைந்த மாமாவுக்கும், வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், தூத்துக்குடித் தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஓய்வு பெற்ற பட்டாளத்து அண்ணாச்சிகள் வரிசையாக வந்து, தேசியக் கொடி எங்கே என்று கேட்டார்கள். சரக்குக் கப்பல்காரருக்குக் கொடி கிடையாது என்று சொன்னோம். பரவாயில்லை என்று சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் நன்றி.

கடைசியாக மதினிக்கு. போன மாதம் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார்கள். தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு, "பாப்பா, அவிய இன்னும் எம்புட்டு நாளைக்கு மிதக்கணும்?" என்று கேட்டார்கள்.

நான் காப்பி போட எழுந்தேன்.

"கை கால் வலிக்கும்ல அவியளுக்கு. விட்டுருவோம்" என்றார்கள்.

சரி என்றேன்.