கல்லெருமை நின்ற பாறை

அந்த மிருகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது கீறல் விழுந்த ஒரு செல்போன் கண்ணாடிக்குள். எங்கள் செஞ்சி மலைப் பாறை அதில் அப்படியே தெரிந்தது. பாறை மேல், நிஜத்தில் ஒரு காக்கா கூட இல்லாத இடத்தில், கருங்கல் உடம்பும் இரும்புக் கொம்பும் முதுகு முழுக்க இரும்புத் தகடுமாக ஒரு ஜந்து நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ரேஷன் கடை வரிசையில் ரொம்ப நேரம் நின்றவர்களுக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம். மலை மேல் எடுத்த அந்த வீடியோவோடு போனை என் டிக்கெட் கவுண்டரின் ஜன்னல் வழியாக நீட்டியவர் வாச்மேன் அண்ணன். அவர் காக்கிச் சட்டையின் ஒரு கை தோளோடு கிழிந்து தொங்கியது. "இதப் பாரும்மா. இந்த எழவப் புடிக்கத்தான் அந்தாளு சாவப் பாத்தான்" என்றார்.

அந்தாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சின்னப் பையன் இல்லை. முப்பது வயது இருக்கும், தாடி வேறு. சென்னையில் ஏதோ கம்ப்யூட்டர் வேலையாம். போனைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தவன், கைப்பிடிச் சுவர் இடிந்துபோன இடத்தில் கால் தவறியிருக்கிறான். வாச்மேன் அண்ணன் பாய்ந்து அவன் பையைப் பிடித்து இழுத்திருக்கிறார். கீழே முப்பது ஆள் ஆழம். வெறும் பாறை. பிழைத்து வந்தவன் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அண்ணா, போன் உடையலையே?" எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னொரு தடவை அவனைத் தள்ளிவிடலாம் போல இருந்தது.

விஷயம் இதுதான். செல்போனில் ஒரு விளையாட்டு. மிருகங்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும். மிருகங்கள் நிஜமான ஊர்களில், நிஜமான தெருக்களில் நிற்பது போல அந்தக் கம்பெனி வைத்திருக்கும். ஆள் நேரில் போனால்தான் பிடிக்க முடியும். இந்தக் கல்லும் இரும்புமான மிருகத்துக்கு மூன்று பருவம். குட்டியும் நடுப்பருவமும் எங்கும் கிடைக்கும். முழுசாக வளர்ந்தது எங்கள் மலையில், அந்த ஒரு விளிம்பில் மட்டும், தினமும் மதியம் அரை மணி நேரம் நிற்கும். எந்த நாட்டிலோ ஏசி அறையில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் மேப்பில் இங்கே நிறையப் பாறை இருப்பதைப் பார்த்து, கல் மிருகத்தைக் கல் மேல் வைத்துவிட்டான். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! மதிய வெயிலில் அந்தப் பாறை எப்படிச் சுடும் என்று அவனுக்குத் தெரியுமா? சுவர் இடிந்தது தெரியுமா? செஞ்சியின் மூன்று மலைகளில் எந்த மலை, எந்தப் பக்கம் என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். படித்துவிட்டுப் பார்க்கக் கிளம்பும் ஆட்கள் உண்டு.

நானும் வாச்மேன் அண்ணனும் ஒரே ஏஜென்சியின் ஒப்பந்த ஆட்கள். நான் கீழே டிக்கெட் கிழிப்பேன். அவர் நாளைக்கு மூன்று முறை மலை ஏறி இறங்குவார். ஐம்பதைத் தாண்டியவர். அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவார். கையில் குரங்கு விரட்ட அவர் உயரத்துக்கு ஒரு கழி, கழுத்தில் விசில். அன்றைக்கே அவர் சூப்பர்வைசரிடம் சொன்னார். "அதான் அபாயம்னு போர்டு வெச்சிருக்கோம்ல?" என்றார் சூப்பர்வைசர். போர்டு துருப்பிடித்து ஒரு எழுத்தும் தெரியாது. வாச்மேன் அண்ணன் வேலி முள்ளை வெட்டிக்கொண்டு போய்க் குறுக்கே போட்டார். மறு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக் கடாசிவிட்டுப் போய் நின்றார்கள். அதில் ஒருத்தன், முள் குத்தி பேன்ட் கிழிந்துவிட்டது, இங்கே பராமரிப்பு சரியில்லை என்று மேப்பில் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்திருந்தான். கண்ணால் படித்தேன்.

"அந்தக் கம்பெனிக்கே எழுதிப் போடும்மா" என்றார். எழுதினேன். தெரிந்த இங்கிலீஷில், ஆள் விழுந்து செத்துப்போவான், அந்த மிருகத்தைக் கீழே கொண்டுவந்து வையுங்கள் என்று எழுதினேன். அடுத்த நிமிஷமே பதில் வந்தது. மனுஷன் எழுதிய பதில் இல்லை, மெஷின் போட்டது. உங்கள் அக்கறைக்கு நன்றி, இடத்தை மாற்றக் கோரும் உரிமை முப்பத்தெட்டாவது லெவலைத் தாண்டிய விளையாட்டுக்காரர்களுக்கு மட்டுமே உண்டு என்று இருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். உயிர் போகும் என்று சொல்ல வந்தால், முதலில் நீ நன்றாக விளையாடிவிட்டு வா என்கிறான். என்ன திமிர் இது! நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். வாச்மேன் அண்ணன் காது குடைந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த லெவலுக்குப் போறதுக்கு இன்னா பண்ணணும்?" என்றார்.

விளையாட்டை அவர் போனில் ஏற்றிக்கொடுத்தவள் நான்தான். அவருக்கு மெயில் கிடையாது. என் மெயிலைத்தான் கொடுத்தேன். அவருக்குக் கிடைத்த முதல் மிருகங்களில் இந்தக் கல் ஜந்துவின் குட்டியும் ஒன்று. கூட அழைத்துப் போக ஒரு மிருகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை, அது வளர மற்றதை விட நாலு மடங்கு நடக்க வேண்டும் என்று விளையாடுகிறவர்கள் எழுதியிருந்தார்கள். அவர் சிரித்தார். "நாமதான் தெனம் நடந்துக்கினேகீறமே. இந்தக் கல்லெருமையே வரட்டும்" என்றார். விளையாட்டில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. எங்களுக்கு அன்று முதல் கல்லெருமைதான்.

பிறகு அவர் ஆடியதைப் பார்க்க வேண்டுமே! சித்திரை வெயிலில், கருங்கல் படியில், கழியும் கையுமாக ஏறுவார். சட்டைப் பையில் கல்லெருமை கூடவே ஏறும். ரவுண்டு நிற்கவில்லை, விசில் நிற்கவில்லை. படியில் மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் போனில் வலை வீசி ரெண்டு மிருகம் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். மதியம் அந்த அரை மணி நேரம் மட்டும் போனைத் தொட மாட்டார். விளிம்பில் கழியைக் குறுக்கே பிடித்தபடி நிற்பார், வருகிறவனையெல்லாம் "பின்னாடி போ சார், பின்னாடி போ சார்" என்று விரட்டுவார். முதலில் எரிச்சலோடு ஆரம்பித்தவருக்குப் போகப் போக அந்த ஜந்து மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. "அடிக்கத் தெரியாதும்மா அதுக்கு. ஆனா எவன் அடிச்சாலும் சாயாது. நின்னுக்கினே இருக்கும்" என்பார். ஒரு நாள் குட்டி நடுப்பருவத்துக்கு மாறியபோது கவுண்டருக்கு ஓடிவந்து காட்டினார். மகள் பெரிய பரீட்சையில் பாஸான மாதிரி எனக்கும் அவருக்குமாக ரெண்டு டீ சொன்னார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. முப்பத்தெட்டைத் தாண்டினார். புகார்ப் பக்கம் திறந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, புகாரைக் கம்பெனி பார்க்காதாம். மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு அனுப்பி வோட்டு எடுக்குமாம். யார் வோட்டுப் போடுவார்கள்? அந்த மிருகம் வேண்டும் என்கிறவர்கள்தான். இந்த ஊரை மேப்பில் மட்டும் பார்த்தவர்கள். "இடம் பாதுகாப்பாகவே உள்ளது, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது" என்று வந்தது. யார் சொன்னது பாதுகாப்பு என்று? அந்த விளிம்பில் வந்து நின்று பார்த்தானா ஒருத்தனாவது? எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபத்தில். அவர் மட்டும், "போட்டோ பத்தல போல. சுவரு எவ்ளோ தூரம் இடிஞ்சிக்கீதுன்னு காட்டுனாத்தான் நம்புவானுங்க" என்றார்.

மறுநாள் அதைத்தான் செய்தார். சுவர் இல்லாத இடத்தில் கழியைக் கீழே படுக்க வைத்தார். ஒரு ஆள் நீளக் கழி அந்த இடைவெளியில் பாதிக்குக் கூட எட்டவில்லை. விளையாட்டைத் திறந்து, மிருகமும் இடிந்த சுவரும் கழியும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி போனைத் தூக்கிப் பிடித்தபடி முன்னும் பின்னும் நகர்ந்தார். அந்த நேரம் பார்த்து மேலே மண்டபத்தில் நின்ற ஒரு டூரிஸ்ட் அவரை ஜூம் செய்து வீடியோ எடுத்தான். சாயங்காலத்துக்குள் செஞ்சியில் எல்லார் போனிலும் வந்துவிட்டது. காக்கிச் சட்டை, தூக்கிப் பிடித்த போன், அதில் தெரிகிற மிருகம். "டூட்டி நேரத்தில் கேம் ஆடும் வாச்மேன்! இதுக்குத்தான் சம்பளமா?" என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தான். எங்கள் தெருக் குழுவிலேயே வந்தது. கறிக்கடைக்காரர் முதற்கொண்டு கருத்துச் சொன்னார். ஒருத்தராவது, அந்தக் கழி ஏன் கீழே கிடக்கிறது என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை சூப்பர்வைசர் எங்கள் எல்லோரையும் கவுண்டர் அறையில் கூட்டினார். வாச்மேன் அண்ணன் ஓரமாக நின்றார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ பேசாத, ஒன் லட்சணத்ததான் ஊரே பாத்துச்சே" என்று அடக்கிவிட்டு, சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். "நீ தெனம் பாக்குற ஆளு. டூட்டியில இவரு கேம் ஆடுனாரா இல்லியா? ஆமா, இல்லன்னு ஒரே வார்த்தைல சொல்லு." எனக்கு அந்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவர் விளையாட்டுக் கணக்கு வேறு என் மெயிலில் இருந்தது. நான் "ஆமா சார்" என்றேன். பொய்யில்லையே. வாச்மேன் அண்ணன் விசிலையும் அடையாள அட்டையையும் மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். இரண்டு வருஷம் மூன்று வேளை மலை ஏறிய ஆளுக்கு ஒரு கேள்வி, ஒரு பதில், முடிந்தது. இப்படியும் ஒரு விசாரணை உண்டா உலகத்தில்?

பத்து நாள் கழித்து என் மெயிலுக்கு ஒரு பதில் வந்தது. கழி படுத்திருந்த அந்தப் படத்தைத்தான், வீடியோ வந்த அன்று சாயங்காலமே, அவர் என்னை அனுப்பச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை வோட்டுப் போட்டவர்களுக்கு அந்த இடைவெளி கண்ணில் பட்டுவிட்டது. கோரிக்கை ஏற்கப்பட்டது, மிருகம் அடிவாரத்துக்கு மாற்றப்பட்டது, பாராட்டுகள் என்று இருந்தது. மறுநாளிலிருந்து வருகிறவர்களெல்லாம் வண்டி நிறுத்துமிடத்தில் வேப்பமர நிழலில் நின்று கல்லெருமையைப் பிடித்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். விளிம்புக்கு ஒருத்தனும் ஏறுவதில்லை. சூப்பர்வைசர் மேலே என்ன அறிக்கை அனுப்பினார் தெரியுமா? நிர்வாகம் எடுத்த நடவடிக்கையால் ஆபத்தான இடத்தில் கூட்டம் குறைந்தது என்று. அதை எங்களுக்கே வாசித்துக் காட்டினார், வெட்கமில்லாமல். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தேன். இன்றைக்கும் அதே கவுண்டரில்தான் இருக்கிறேன்.

போன மாதம்தான் அவரைப் போய்ப் பார்த்தேன். அவலூர்பேட்டையில் ஒரு ரைஸ் மில் வாசலில் காவல் இருக்கிறார். அந்த மெயிலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தமிழில் படித்துச் சொன்னேன். "இப்ப எவனும் அங்க போறதில்லியா?" என்று ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டுக்கொண்டார். இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. "அப்ப செரி. கல்லெருமை வீணா நடக்கல" என்றார். எனக்கு ஆறவில்லை. வீடியோ எடுத்தவனையும், வோட்டுப் போட்டவர்களையும், அந்தக் கம்பெனியையும், சூப்பர்வைசரையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். "ஒங்களுக்குக் கோவமே வரலியாண்ணே?" என்றேன்.

"வந்துச்சும்மா" என்றார். "வீடியோ எடுத்தவன் மேல இல்ல, அவன் தூரத்துல நின்னு பாத்தவன். வோட்டுப் போட்டவனுங்க இந்த ஊரக் கண்டாங்களா இன்னா? சூப்பர்வைசருக்கும் ஒண்ணும் தெரியாது, கேட்டிருந்தாத்தானே தெரியும்." மில்லுக்குள்ளிருந்து பறந்து வந்த உமியைத் தோளிலிருந்து தட்டிவிட்டார். "ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்."

நான் கையிலிருந்த பிரின்ட்டை நாலாக மடித்தேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எதிர்க்கடையில் எனக்கு டீ வாங்கிக்கொடுத்து, செஞ்சி பஸ் வருகிற வரைக்கும் கூடவே நின்று, ஜன்னலோர சீட் பார்த்து ஏற்றிவிட்டார்.