ராமசுவாமிக்காகப் பதினாறு பக்கம்

பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் விஜயகுமாரிக்கு லேபிள் சரிபார்க்கும் வேலை. பேட்ச் எண், காலாவதித் தேதி என்று பத்தொன்பது வருஷமாகப் பொடி எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்ததில், நாற்பத்து நாலு வயதுக்குள் கண்ணாடி தடித்துவிட்டது. 2007-ல் லேபிள்களை இனிக் கம்பெனியே கம்ப்யூட்டரில் வடிவமைக்கும், அது தெரிந்தவர்களைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று பேச்சு கிளம்பியது. அவள் அமீர்பேட்டையில் கிராபிக் டிசைன் வகுப்பில் சேர்ந்தாள்.

காலை ஆறரை மணி வகுப்பு. செகந்திராபாத் மெட்டுகூடாவிலிருந்து ஐந்தரைக்கே பஸ் பிடிப்பாள். எட்டு மணிக்கு வகுப்பு முடிந்ததும் அமீர்பேட்டையிலேயே கம்பெனி பஸ் ஏறி, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துப் பட்டான்செரு வரைக்கும் தூங்குவாள். எழுந்திருக்கும்போது கன்னத்தில் கம்பி பதிந்திருக்கும்.

மாடி வீட்டில் கணவர் ராமசுவாமியைப் பகலில் நாத்தனார் கமலம் பார்த்துக்கொண்டாள். மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்த மனிதர். அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது; வலது காலும் பலமிழந்துவிட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைப்பது மட்டும் "தா... தா" என்றுதான் வெளியே வரும். எழுதிக் காட்டவும் முடியவில்லை.

"தண்ணியா? ஃபேனா? பாத்ரூமா?" என்று விஜயகுமாரி ஒவ்வொன்றாகக் கேட்பாள். மூன்றும் தப்பினால் அவர் கட்டிலை அறைவார். அவளும் கத்திவிடுவாள். அப்புறம் சமையலறையில் போய் நின்றுகொள்வாள்.

கோர்ஸ் முடிய, பதினாறு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் வடிவமைத்து, அச்சடித்து, பைண்டு பண்ணித் தர வேண்டும். மற்றவர்கள் ஹோட்டல் மெனு, சுற்றுலா என்று எடுத்துக்கொண்டார்கள். விஜயகுமாரிக்கு யோசிக்கத் தெம்பில்லை. தினமும் கேட்டுக் கேட்டு வாய் வலித்த கேள்விகளையே பக்கங்களாக்கினாள். தங்கள் வீட்டுச் சொம்பு, சொந்தச் சுவிட்சுப் பலகை, பாத்ரூம் கதவு எல்லாவற்றையும் படம் பிடித்தாள். ஒரு பக்கம் மிஞ்சியபோது, வாசலில் கிடந்த அவர் செருப்பையும் சேர்த்தாள். இடது கைக் கட்டைவிரலுக்கு எட்ட வேண்டுமென்று, படங்களை இடது பக்கங்களில், வெளி ஓரத்தை ஒட்டியே வைத்தாள்; எதிர்ப்பக்கத்தில் பெரிய எழுத்தில் பெயர். கசங்காமலிருக்கத் தடித்த தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிப்டு முடிந்து அமீர்பேட்டை பிரிண்டிங் கடைக்குப் போனாள். கடை வைத்திருந்த இர்பானுக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி, தமிழ் பேசுவார். தாள்களை அச்சடித்து, நடுவில் மடித்து, இரண்டு பின் அடித்தார். தாள் தடிமனானதால் உள்பக்கங்கள் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. கட்டிங் மெஷினில் வைத்து ஓரத்தை ஒரே வெட்டாக வெட்டினார்.

விஜயகுமாரி பிரித்துப் பார்த்தாள். நடுப்பக்கங்களில் சொம்புக்குப் பாதி வாய் இல்லை. சுவிட்சுப் பலகையில் ஃபேன் சுவிட்சே போயிருந்தது.

"கைக்கு பாய், ஏன் இப்படி ஆச்சு?"

"நடுப் பக்கம்தான்க்கா அதிகமா வெட்டுப்படும். ஓரத்துல ஏன் வச்சீங்க? கொஞ்சம் உள்ள தள்ளிடுங்க."

"உள்ள தள்ளினா அவருக்கு எட்டாது."

"யாருக்கு?"

அவள் சொன்னாள். சொல்லும்போதே கால் வலித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இர்பான் தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிவைத்தார். ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, நடுவுக்கு வர வர ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கூட்டிப் படங்களை வெட்டுப்படாத அளவுக்கு மட்டும் உள்ளே நகர்த்தினாள். இருமுறை தப்பாக நகர்த்தித் திரும்பச் செய்தாள். இந்தத் தடவை வெட்டியபோது சொம்பு முழுசாக இருந்தது. இரண்டு பிரதி வாங்கிக்கொண்டாள். ஒன்று வகுப்பிலேயே வைத்துக்கொள்வார்கள்.

மறுநாள் வகுப்பாசிரியர் ஜெயந்த் புரட்டிப் பார்த்தார். அவளைவிடப் பதினெட்டு வயது சின்னவர். "எழுத்தெல்லாம் ரொம்பப் பெருசு மேடம். குழந்தைங்க புக் மாதிரி இருக்கு."

"படிக்கிறதுக்கு இல்ல சார். காட்டுறதுக்கு."

அவர் 'பி' கிரேடு போட்டார். வாதாட அவளுக்கும் நேரமில்லை. கம்பெனி பஸ் வந்துவிடும்.

அன்று சாயங்காலம் புத்தகத்தை ராமசுவாமியிடம் கொடுத்தாள். அவர் இரண்டு பக்கம் பார்த்தார். முகம் கோணியது. இடது கையாலேயே சுவரைப் பார்த்து விட்டெறிந்தார். அவள் எடுத்து டிவி மேல் வைத்தாள். அன்றைக்குக் கோபப்படக்கூட அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

எட்டு நாள் அது அங்கேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தரையில் படுத்து அயர்ந்துவிட்டாள். தோளில் ஏதோ இடித்தது. கண்ணைத் திறந்தால் ராமசுவாமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எப்படி எழுந்துபோய் எடுத்தாரோ, மடியில் புத்தகம் விரிந்திருந்தது. கட்டைவிரல் அவருடைய செருப்புப் படத்தின் மேல் இருந்தது.

"வெளிய போகணுமா?"

தலையாட்டினார்.

"இந்த வெயில்லயா? நக்கோங்க, வேணாம், சாயங்காலம் போலாம்."

விரலை எடுக்கவில்லை. மறுபடி தட்டினார்.

எட்டு மாதமாக அவர் மாடியை விட்டு இறங்கியதில்லை. இறங்க ஆசைப்பட்டார் என்றே அவளுக்குத் தெரியாது. கேட்ட கேள்விகளில் அது இருந்ததே இல்லை. எழுந்து செருப்பை மாட்டிவிட்டாள். பதினெட்டுப் படி இறங்க இருபது நிமிஷம் ஆயிற்று. அவர் பாரம் முழுவதும் அவள் தோளில். தெருமுனை இரானி டீக்கடை வரை போய், ஆளுக்கொரு டீ குடித்தார்கள். கடைக்காரர் "க்யா சாப், பஹுத் தின் ஹோ கயே" என்று, பார்த்து ரொம்ப நாளாயிற்றே என விசாரித்ததும் ராமசுவாமி "தா" என்றார். அழவில்லை, சிரித்தார்.

ஏறுவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

கோர்ஸ் சர்டிபிகேட்டைக் காட்டியதும் கம்பெனியில் அவளை டிசைன் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் அதே பொடி எழுத்துகள்தான், திரையில். ஞாயிற்றுக்கிழமைகளில் படுக்க முடியாமல் போயிற்று. இரண்டு மணியானால் அவர் செருப்புப் பக்கத்தைத் திறந்துவிடுவார். சில வாரம் அவள் பார்க்காத மாதிரி இன்னும் ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கிடப்பாள். அப்புறம் எழுந்து போவாள்.